சிலை மீட்பு உரிமையியல் வழக்குகள்

சிலை மீட்பு உரிமையியல் வழக்குகள் என்பவை, கோயில்களிலிருந்து களவாடப்பட்டு அயல்நாடுகளுக்குக் கடத்தப்பட்ட தெய்வத் திருமேனிகளைத் திரும்பப் பெறுவதற்காக, அவற்றை வைத்திருப்போர் மீது உரிமையாளர் தரப்பில் தொடுக்கப்படும் வழக்குகள் ஆகும். தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகள் தொடர்பில் இத்தகைய வழக்குகள் 1970கள் முதல் இங்கிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் நீதிமன்றங்களுக்குச் சென்றுள்ளன. இவற்றுள் பத்தூர் நடராசர் வழக்கு (1991) மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்று கோயிலுக்குச் சாதகமாக முடிந்தது. கல்லிடைக்குறிச்சி நடராசர் 2019 ஆம் ஆண்டு வழக்கு எதுவுமின்றியே ஊர் திரும்பினார். இவ்வேறுபாட்டிற்கான காரணமும், கூட்டுக் குற்றங்களுக்கு எதிராக ஐக்கிய அமெரிக்காவில் உள்ள ரிக்கோ சட்டம் இத்தகைய கோயில்களுக்கு எந்த அளவு பயன்படும் என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

குற்றவியல் வழக்கும் உரிமையியல் வழக்கும்

சிலைத் திருட்டு நிகழும்போது இரு வேறு சட்ட வழிகள் திறக்கின்றன. முதலாவது குற்றவியல் வழி. இதில் அரசு வழக்குத் தொடுக்கிறது. திருடியவர், கடத்தியவர், தெரிந்தே வாங்கியவர் ஆகியோரைத் தண்டிப்பது இதன் நோக்கம். குற்றம் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது உரிமையியல் வழி. இதில் பொருளை இழந்தவரே வாதி. எதிர்த் தரப்பினர் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கிய அருங்காட்சியகமாகவும் இருக்கலாம். இருவருள் யாருக்கு மேலான உரிமை உண்டு என்பதே இங்கு எழும் வினா. எவருடைய சான்று கூடுதலாக நம்பத்தக்கதோ அவர் பக்கம் தீர்ப்பு அமையும்.

திருடன் பிடிபடாவிட்டாலும், இறந்துவிட்டாலும், சிலை இருக்குமிடம் தெரிந்தால் உரிமையியல் வழக்குத் தொடுக்க இயலும். கோயிலைப் பொறுத்தவரை வேண்டுவது சிலையே ஆதலால், இவ்வழி முதன்மை பெறுகிறது.

கல்லிடைக்குறிச்சி நடராசர்

கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணி ஆற்றின் தென்கரையில், அம்பாசமுத்திரத்திற்கு எதிரே அமைந்துள்ள பேரூர் ஆகும். இங்குள்ள குலசேகரமுடையார் உடனுறை அறம்வளர்த்த நாயகி அம்மன் கோயிலிலிருந்து 1982 ஆம் ஆண்டு சூலை மாதம் நடராசர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், சிறீபலி நாயகர் ஆகிய நான்கு திருமேனிகள் களவு போயின. கல்லிடைக்குறிச்சி காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட்டது. ஆயினும் துப்பு எதுவும் கிட்டாமையால் 1984 இல் வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

நடராசர் சிலை 2001 இல் ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உள்ள தெற்கு ஆத்திரேலியக் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டது. அங்குள்ள சிலையும் கல்லிடைக்குறிச்சிச் சிலையும் ஒன்றே என்பதை நிறுவ உதவியது புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படத் தொகுப்பாகும். தமிழ்நாட்டுக் கோயில்களை அந்நிறுவனம் 1950கள் முதல் ஒளிப்படம் எடுத்து வந்தது. அத்தொகுப்பில் இக்கோயிலின் நடராசர் படமும் இருந்தது. தமிழ்நாடு காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. களவு குறித்த காவல்துறை ஆவணமும், களவுக்கு முந்தைய ஒளிப்படமும் கலைக்கூடத்தின் முன் வைக்கப்பட்டன. கலைக்கூடம் சிலையைத் திருப்பித்தர உடன்பட்டது. 2019 செப்டம்பரில், களவு போய் 37 ஆண்டுகளுக்குப் பின், நடராசர் தமிழ்நாடு வந்தடைந்தார். ஏனைய மூன்று திருமேனிகள் அப்போது உடன் வரவில்லை.

இதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள அத்தாளநல்லூர் மூன்றீசுவரர் கோயிலின் துவாரபாலகர் கற்சிலைகள் இரண்டும் ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2020 இல் திரும்பின. இவற்றை அக்கலைக்கூடம் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2005 இல் வாங்கியிருந்தது.

வாதி யார்?

உரிமையியல் வழக்கிற்கு ஒரு வாதி வேண்டும். கோயில் சிலை யாருக்குச் சொந்தம் என்பது அயல்நாட்டு நீதிபதிக்கு எளிதில் விளங்குவதன்று. இந்தியச் சட்டத்தில், முறைப்படி நிறுவப்பட்ட இறைத் திருமேனி ஒரு சட்டவழி நபர் ஆகும். அது சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், அதன் மீது வழக்குத் தொடுக்கவும் படலாம். பிரமத நாத் மல்லிக் எதிர் பிரத்யும்ன குமார் மல்லிக் வழக்கில் (1925) இலண்டன் பிரிவி கவுன்சில் இக்கோட்பாட்டை உறுதி செய்தது. இறைவன் தாமே நீதிமன்றம் வர இயலாது ஆதலால் அறங்காவலர், பூசகர் அல்லது அரசால் அமர்த்தப்பட்ட தக்கார் அவர் சார்பில் செயற்படுவர். இந்நிலை, சிறார் ஒருவரின் சொத்தைக் காப்பாளர் மேலாள்வதை ஒத்தது.

சிவபுரம் நடராசர் (1974–1986)

தஞ்சாவூர் மாவட்டம் சிவபுரத்தில் 1951 இல் புதையலாகக் கிடைத்த நடராசர் சிலை, 1950களில் பழுதுபார்ப்பதற்காகச் சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. திரும்பி வந்தது அதைப் போன்றே வார்க்கப்பட்ட போலிச் சிலை ஆகும். மூலச் சிலை கைமாறி வெளிநாடு சென்றது. கோயிலில் இருப்பது மூலமன்று என்பதைப் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட், சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய தம் நூலில் 1965 இல் குறிப்பிட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

அமெரிக்கத் தொழிலதிபர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை இச்சிலையை 1973 இல் வாங்கியது. இந்திய அரசு இலண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இடங்களில் வழக்குத் தொடுத்தது. 1976 இல் நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவின் உரிமை ஏற்கப்பட்டது. பதிலாகச் சிலை பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் காட்சிக்கு வைக்கப்பட இசைவு தரப்பட்டது. 1986 இல் சிலை இந்தியா திரும்பியது. உடன்பாட்டில் முடிந்தமையால் சட்டக் கேள்விகளுக்குத் தீர்ப்பு எதுவும் கிட்டவில்லை.

பத்தூர் நடராசர் வழக்கு (1982–1991)

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூரில், அழிந்த நிலையிலிருந்த விசுவநாதசுவாமி கோயிலின் அருகே 1976 இல் தொழிலாளி ஒருவர் மண் தோண்டியபோது நடராசர் சிலை கிடைத்தது. அது பல கைகள் மாறி இலண்டன் சென்றது. கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேசன் என்னும் நிறுவனம் 1982 இல் 2,50,000 பவுண்டுக்கு அதனை வாங்கியது. சிலை பேணுதற் பணிக்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தபோது இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. சிலையைத் திருப்பித்தரக் கோரி நிறுவனம் காவல்துறை மீது வழக்குத் தொடுத்தது. இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார் ஆகியோர் உரிமை கோரி வழக்கில் இணைந்தனர். கோயிலும், அதில் எஞ்சியிருந்த சிவலிங்கமும்கூட உரிமை கோருவோராகச் சேர்க்கப்பட்டன.

இவ்வழக்கில் இரு சிக்கல்கள் எழுந்தன.

1. இலண்டனில் உள்ள சிலை பத்தூரில் கிடைத்ததுதானா? இச்சிலை பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் இருந்தமையால், அதற்கு ஒளிப்படமோ கோயில் சொத்துப் பதிவேடோ இல்லை. எனவே வல்லுநர் சான்றுகளே துணையாயின. அதே இடத்தில் பின்னர் கிடைத்த பிற சிலைகளோடு உலோகக் கலவை, சிற்ப அமைதி ஆகியன ஒப்பிடப்பட்டன. சிலை மீது ஒட்டியிருந்த மண்ணும், கரையான் தடங்களும் ஆராயப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வல்லுநர் சாட்சியாகச் சான்றளித்தார்.

2. இங்கிலாந்துச் சட்டம் அறியாத ஒரு வாதி அந்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காட இயலுமா? விசாரணை நீதிபதி இயன் கென்னடி 1988 இல் அளித்த தீர்ப்பில், கோயிலை நிறுவியவரின் அற நோக்கம் இன்றும் நீடிக்கிறது என்றும், அன்று முதல் அவ்விடத்திலேயே இருந்து வரும் சிவலிங்கம் அந்நோக்கத்தின் உருவாக விளங்குகிறது என்றும் கொண்டார். நிறுவனத்தின் மேல்முறையீட்டை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 பிப்ரவரியில் அதனைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் கோயில் சட்டப்படி வழக்காடும் தகுதி உடையது எனில், நாடுகளுக்கிடையேயான நல்லிணக்க மரபின்படி அத்தகுதி இங்கிலாந்திலும் மதிக்கப்படும் என்று அது கூறியது. தக்கார் வழியாகக் கோயில் சிலையைப் பெறலாம் என்பது முடிவாயிற்று.

சிலை 1991 இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கைப்பற்றப்பட்ட நாள் முதல் ஒப்படைக்கப்பட்ட நாள் வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஐக்கிய அமெரிக்காவின் ரிக்கோ சட்டம்

சிலைக் கடத்தல் தனி ஒருவரின் செயலன்று. பூட்டை உடைப்பவர், உள்ளூர்த் தரகர், ஏற்றுமதி செய்பவர், பொய்யான உடைமை வரலாறு எழுதுபவர், விற்பனைக் கூடத்தார் எனப் பலர் ஒரு சங்கிலியாய்ச் செயற்படுகின்றனர். இத்தகைய கூட்டுக் குற்றங்களுக்கென ஐக்கிய அமெரிக்கா 1970 இல் இயற்றியதே ரிக்கோ சட்டம் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் ஆகும். மாஃபியாக் கும்பல்கள் முறையான தொழில்களுக்குள் ஊடுருவுவதைத் தடுப்பது இதன் முதல் நோக்கம்.

இச்சட்டத்தின் தனித்தன்மை, குற்றவியல் தண்டனையோடு உரிமையியல் பிரிவும் கொண்டிருப்பது ஆகும். கும்பலின் செயலால் தொழிலிலோ சொத்திலோ பாதிப்புற்ற தனியார் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இழப்பைப் போல் மும்மடங்குத் தொகையும் வழக்கறிஞர் கட்டணமும் பெறலாம். வாதி பின்வருவனவற்றை மெய்ப்பிக்க வேண்டும்.

- ஓர் அமைப்பு இருத்தல். இது பதிவு பெற்ற நிறுவனமாகவோ, பொது நோக்கத்திற்காகச் சேர்ந்தியங்கும் குழுவாகவோ இருக்கலாம்.
- சட்டத்தில் பட்டியலிடப்பட்ட குற்றங்கள் பத்து ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு நிகழ்ந்திருத்தல். திருட்டுப் பொருளை மாநிலங்களுக்கிடையிலோ நாடுகளுக்கிடையிலோ கொண்டு செல்வதும் இப்பட்டியலில் அடங்கும்.
- அக்குற்றங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையனவாகவும், தொடர்ச்சியுடையனவாகவும் இருத்தல் (எச். ஜே. நிறுவன வழக்கு, 1989).
- அவற்றால் வாதியின் தொழிலோ சொத்தோ பாதிக்கப்பட்டிருத்தல்.

ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களுக்கு மேல் 13 கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், அவற்றுக்கு மேல் உச்ச நீதிமன்றமும் உள்ளன. உரிமையியல் ரிக்கோ வழக்கின் எல்லைகள் பெரும்பாலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களிலேயே வரையறுக்கப்பட்டு வந்துள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாறுபடும்போது உச்ச நீதிமன்றம் தலையிடுகிறது. எடுத்துக்காட்டாக, எதிர்த் தரப்பினர் முன்னதாகவே குற்றத் தீர்ப்புப் பெற்றிருந்தால்தான் வழக்குத் தொடுக்கலாம் என்று நியூயார்க்கிலுள்ள இரண்டாம் வட்ட நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டை, செடிமா வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் நீக்கியது.

உள்நாட்டுப் பாதிப்பு என்னும் வாயில்

அயல்நாட்டினருக்குப் பெருந்தடையாக அமைந்தது 2016 ஆம் ஆண்டின் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ வழக்குத் தீர்ப்பு ஆகும். புகையிலை நிறுவனம் ஒன்று பணமோசடிக் கும்பல்களோடு இணைந்து செயற்பட்டதாக ஐரோப்பிய ஒன்றியமும் அதன் உறுப்பு நாடுகளும் தொடுத்த வழக்கு இது. தனியார் தொடுக்கும் ரிக்கோ வழக்கில் பாதிப்பு ஐக்கிய அமெரிக்காவுக்குள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஒரு பாதிப்பு எங்கு நிகழ்ந்தது என்பதை எவ்வாறு கண்டறிவது என்று அது விளக்கவில்லை.

இவ்வினாவிற்கு ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 இல் விடை கூறிய வழக்கில் இந்திய நிறுவனம் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது. இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் பாக்சைட் தாது கொண்டு செல்லும் ஒப்பந்தங்களை மீறியதற்காக, ஆஷாபுரா மைன்கெம் மீது சிங்கப்பூர்க் கப்பல் நிறுவனமான ஆர்மடா நடுவர் தீர்ப்பு பெற்றிருந்தது. அத்தொகை கைக்கு எட்டாதவாறு சொத்துகள் இடம் மாற்றப்பட்டன என்று கூறி, ஆஷாபுராவில் பங்கு கொண்டிருந்த அமெரிக்க நிறுவனமான ஆம்கால் உள்ளிட்டோர் மீது ஆர்மடா ரிக்கோ வழக்குத் தொடுத்தது. பணம் பெறும் உரிமை தொட்டுணர முடியாத சொத்து. அதன் பாதிப்பு உரிமையாளர் வாழுமிடத்தில், அதாவது சிங்கப்பூரில் நிகழ்ந்தது என்று கூறி நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் வேறு கருத்துக் கொண்டது. எனவே எகியாசாரியன் எதிர் ஸ்மாகின் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. வாதி எங்கு வாழ்கிறார் என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. பாதிப்பு எழுந்த சூழலை முழுமையாக நோக்க வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. இதனால் ஏழாம் வட்டத்தின் விதி நீங்கியது.

கோயில்களுக்கு இதன் பொருள்

இவ்விதியைச் சிலைத் திருட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் தோன்றும். தமிழ்நாட்டுக் கோயிலில் பூட்டு உடைக்கப்பட்டுச் சிலை பறிபோகும்போது பாதிப்பு தமிழ்நாட்டில் நிகழ்கிறது. அதே சிலையை நியூயார்க்கில் பொய்யான உடைமை வரலாற்றை நம்பி விலை கொடுத்து வாங்கியவரின் பாதிப்பு நியூயார்க்கில் நிகழ்கிறது. ஆகவே ஏமாந்து வாங்கியவருக்கு ரிக்கோவின் வாயில் எளிதாகத் திறக்கலாம். பறிகொடுத்த கோயிலுக்கு அது அரிதாகவே திறக்கும். ஸ்மாகின் தீர்ப்பு இவ்வாயிலைச் சற்று அகலமாக்கியிருப்பினும், உள்நாட்டுப் பாதிப்பு வேண்டும் என்ற விதி நீங்கவில்லை.

வேறு இரு தடைகளும் உள்ளன. உரிமையியல் ரிக்கோ வழக்கிற்கான கால வரையறை நான்கு ஆண்டுகள் மட்டுமே (1987 ஆம் ஆண்டுத் தீர்ப்பு). பாதிப்பை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இது கணக்கிடப்படுகிறது. பல பத்தாண்டுகளுக்குப் பின் துலங்கும் சிலை வழக்குகளுக்கு இது போதாது. மேலும் இச்சட்டம் உறுதியாகத் தருவது பணமே. தனியார் வாதிக்குப் பணமல்லாத வேறு ஆணைகளும் கிட்டுமா என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. ஒன்பதாம் வட்டம் (1986) கிட்டாது என்றது; ஏழாம் வட்டமும் (2001) இரண்டாம் வட்டமும் (2016) கிட்டும் என்றன. கோயிலுக்குச் சிலையின் மும்மடங்கு விலை தேவையன்று.

பொருளையே மீட்கும் வழக்கு: கனகாரியா எடுத்துக்காட்டு

ஐக்கிய அமெரிக்காவில் வழிபாட்டுத் தலம் ஒன்று களவு போன திருவுருவை மீட்டதற்குச் சைப்பிரசு நாட்டு வழக்கு முன்னோடியாகும். 1974 க்குப் பின் வட சைப்பிரசின் கனகாரியா மாதா ஆலயத்திலிருந்து ஆறாம் நூற்றாண்டுப் பதிகல் ஓவியங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவற்றுள் நான்கை இந்தியானாபொலிசு நகர வணிகர் ஒருவர் 1988 இல் பத்து இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். சைப்பிரசுத் திருச்சபை, ரிக்கோ சட்டத்தை நாடாமல், பொருளையே ஒப்படைக்கக் கோரும் வழக்கைத் தொடுத்தது. 1990 இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் திருச்சபைக்கே உரிமை உண்டு என்று உறுதி செய்தது. களவு தெரிந்தவுடன் யுனெசுக்கோ, அருங்காட்சியகங்கள், அறிஞர்கள் ஆகியோருக்குச் சைப்பிரசு அறிவித்து வந்தமையால், கால வரையறை கடந்துவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை.

நியூயார்க் மாநிலச் சட்டமும் உரிமையாளருக்குச் சாதகமானது. அங்கு நல்லெண்ணத்துடன் வாங்கியவரிடம் உரிமையாளர் பொருளைக் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்துதான் கால வரையறை தொடங்குகிறது.

சுபாஷ் கபூர் தொடர்பான நடவடிக்கைகள்

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலின் நடராசர் சிலையை ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008 இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்குக் கபூரிடமிருந்து வாங்கியது. பொய்யான உடைமை வரலாறு காட்டித் தன்னை ஏமாற்றியதாக அக்கலைக்கூடம் 2014 இல் நியூயார்க்கில் கபூர் தரப்பின் மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2011 இல் செருமனியில் கைதான கபூர் 2012 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் தொடர்பான வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் ரிக்கோவை ஒத்த மும்மடங்கு இழப்பீட்டு வழக்கு இல்லை. மகாராட்டிரத்தின் 1999 ஆம் ஆண்டுச் சட்டமும், 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கூட்டுக் குற்றப் பிரிவும் குற்றவியல் தண்டனை பற்றியவை. தொல்பொருள் ஏற்றுமதியை 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தமிழ்நாடு காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983 இல் தொடங்கப்பட்டது. 2024 சூலையில் இந்தியாவும் ஐக்கிய அமெரிக்காவும் பண்பாட்டுப் பொருட்கள் குறித்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

ஆவணங்களின் இடம்

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிட்டால், முடிவையும் கால அளவையும் பெரிதும் தீர்மானித்தது களவுக்கு முன்னும் பின்னும் ஊரில் உருவான ஆவணங்களே என்பது புலனாகும். பத்தூரில் படம் இல்லை. எனவே கரையான் தடத்தைச் சாட்சிக்கு அழைத்து ஒன்பது ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. கனகாரியாவில் உடனடி அறிவிப்புகள் கால வரையறையை வென்றன. கல்லிடைக்குறிச்சியில் ஒரு முதல் தகவல் அறிக்கையும் ஓர் ஒளிப்படமும் நீதிமன்றப் படியேறாமலே சிலையை மீட்டன.

எனவே ஒவ்வொரு கோயிலிலும் திருமேனிகளின் ஒளிப்படம் (முன், பின், பீடம்), உயரம், எடை, பீடத்திலுள்ள எழுத்துகள், சிதைவுகள், பழுதுபார்த்த அடையாளங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்து, ஒரு படியைக் கோயிலுக்கு வெளியேயும் வைத்திருப்பது இன்றியமையாதது. வார்ப்பில் நேர்ந்த சிறு குறைகள் இரு சிலைகளில் ஒன்றுபோல் அமைவதில்லை ஆகையால், அவையே அடையாளம் காண்பதில் மிகுதியும் துணை செய்கின்றன. பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்னும் பெற்ற பின்னும் இவ்விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்பதைச் சிவபுரம் உணர்த்துகிறது. களவு நேர்ந்தால் எழுத்து வடிவில் முறையீடு செய்து, முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். அவ்வழக்கு துப்புத் துலங்காமல் முடித்து வைக்கப்பட்டாலும் அறிக்கை பயனற்றுப் போவதில்லை. 1984 இல் முடித்து வைக்கப்பட்ட கல்லிடைக்குறிச்சி வழக்கின் அறிக்கை 2019 இல் பயன்பட்டது.

இவற்றையும் பார்க்க

- கல்லிடைக்குறிச்சி
- நடராசர்
- சோழர் செப்புத் திருமேனிகள்
- சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு
- இந்து சமய அறநிலையத் துறை
- யுனெசுக்கோ 1970 உடன்படிக்கை